இருபத்திரண்டு வினாடி

மேசை இழுப்பறைக்குள்ளிருந்து என் மூச்சு கேட்டது. மதியம் மூன்று மணி பத்து நிமிடம். இழுப்பறையில் அந்த வாரம் வந்து சேர்ந்த மூன்று கறுப்பு போன்கள் இருந்தன. நடுவில் கிடந்தது அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தபடி, ஒரு பெண் காற்றுக்குத் திணறுகிற சத்தத்தை விட்டுக்கொண்டிருந்தது. திரையில் ‘வீடு’ என்று இருந்தது. யாருடைய போன் என்று நான் யோசிக்கத் தேவையில்லை. அந்த மூச்சை ரிங்டோனாக வைத்துக்கொண்டிருப்பவன் உலகத்திலேயே ஒருவன்தான்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். முன்பின்னாகச் சொன்னால் நான் செய்தது அற்பமாகத் தெரியும்.

பதினோரு மாதத்துக்கு முன்புவரை இதே பேருந்து நிலையத்தில் நான் அறிவிப்பாளர். எந்த எண் பேருந்து எந்த மேடைக்கு வருகிறது என்று சொல்வது வேலை. கண்ணாடிக் கூண்டு மாதிரி ஓர் அறை, ஒரு மைக், இரண்டு நாற்காலி. பணி மாறும் நேரத்தில் அடுத்தவர் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். அடுத்தவர் என்றால் வெண்கலம். குரல் அப்படி, எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவனுக்கும் அது பிடிக்கும். அன்று, நாற்பத்திரண்டாம் எண் பேருந்து ஒன்பதாவது மேடைக்கு என்று பாதி சொல்லும்போது, நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்தியதுபோல ஆனது. விரல் நுனிகள் மரத்துப்போயின. சாகப்போகிறேன் என்பது நிச்சயமாகத் தெரிந்தது. மைக் திறந்திருந்தது. பதினாறு ஒலிபெருக்கிகளிலும் என் மூச்சு போனது. சுவிட்ச் வெண்கலத்தின் கைக்கு ஒரு சாண் தூரம். அவன் கையை நீட்டத்தான் செய்தான். சுவிட்சுக்கு அல்ல, சட்டைப் பையிலிருந்த போனுக்கு. இருபத்திரண்டு வினாடி பதிவு செய்தான். அதற்குப் பிறகுதான் மைக்கை அணைத்தான்.

மறுவாரமே எனக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது. ஏர் பிரேக். பேருந்து நிற்கும்போது புஸ்ஸென்று விடுமே, அது. “நாங்க பிரேக் போட்டா வண்டி நிக்கும், இவங்க போட்டா பஸ் ஸ்டாண்டே நின்னுடும்” என்று ஒரு டிரைவர் சொன்னதற்கு டீக்கடை முழுக்கச் சிரித்தது. சூப்பர்வைசர் நல்ல மனிதர், ஆனால் பயந்த மனிதர். “கொஞ்ச நாளைக்கு மைக் வேணாம்மா” என்று என்னை அறிவிப்பு அறைக்கு அடுத்த கவுண்டரில், தொலைந்த பொருள் பிரிவில் உட்கார வைத்தார். நடுவில் ஒரு கதவு. நடந்தால் ஆறு எட்டு.

இதய டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு இதயத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று மனநல மருத்துவரிடம் அனுப்பினார். கூட வந்தது என் கணவரின் அக்கா. அண்ணி என்று கூப்பிடுவேன். தையல்காரி. டாக்டர் அம்மா நிதானமாகச் சொன்னார். தினமும் காலையில் ஒரு மாத்திரை. பலன் தெரிய நாலைந்து வாரம் ஆகும், ஆரம்பத்தில் படபடப்பு கூடினதுபோலக்கூட இருக்கும், பயந்து நிறுத்திவிடக் கூடாது. அவசரத்துக்கு வேறொரு சின்ன மாத்திரை, அது எண்ணி ஐந்து. பழகிவிடும் என்பதால் தொட்டதற்கெல்லாம் போடக் கூடாது. பிறகு ஒரு வேலை கொடுத்தார். வாயைத் திறந்து அரை நிமிடம் வேகவேகமாக மூச்சு வாங்கச் சொன்னார். துணைக்கு அண்ணியும் வாங்கினாள்.

“ஐயோ, என்னடி இது, எனக்கும் விரலெல்லாம் ஜிவ்வுங்குது, தலை கிறுகிறுங்குது! எனக்கும் சீட்டு எழுதிடுவாங்களோ?”

டாக்டர் சிரித்தார். யார் செய்தாலும் அப்படித்தான் ஆகும், அது உடம்பின் கணக்கு, பயம்தான் அதற்குச் சாவு என்று பெயர் வைக்கிறது என்றார். அதை நான் மறக்கவில்லை. பின்னால் அது எதற்கு உதவியது என்பதை அந்த டாக்டரிடம் என்னால் சொல்ல முடியாது.

அண்ணி ஒருநாளும் என்னிடம் “ஒண்ணுமில்ல, விடு” என்று சொன்னதில்லை. திணறல் வந்தால் தையல் மெஷின் பக்கத்தில் என்னை உட்கார வைத்து, துணி வைக்காமல் மெதுவாக மிதிப்பாள். “வந்துட்டானா விருந்தாளி? உக்காரட்டும். நாம காபி குடுக்கலைன்னா அவனே எந்திரிச்சுப் போயிடுவான். நீ எண்ணு. நாலு தையல் உள்ள, ஆறு தையல் வெளிய.” ஊசி ஏறி இறங்குவதைப் பார்த்தே மூச்சு விடக் கற்றுக்கொண்டேன். ரிங்டோன் விஷயம் வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். “அந்தப் போனை ஊசிக்குக் கீழ வெச்சு ஒரு மிதி மிதிக்கணும்டி” என்பாள். நான் புகார் எழுதவில்லை. எழுதினால் அதை எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டச் சொல்வார்கள்.

அந்த விருந்தாளி கடைசியாக வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மைக்குக்குத் திரும்ப விண்ணப்பம் கொடுத்திருந்தேன். “மறுபடியும் மைக்குல மூச்சடைச்சு விழுந்தா யார் சார் பதில் சொல்றது?” என்று வெண்கலம் சூப்பர்வைசரிடம் சொன்னதைக் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். விண்ணப்பம் மேசையிலேயே கிடந்தது. வெள்ளிக்கிழமை முடிவு சொல்கிறேன் என்றிருந்தார் சூப்பர்வைசர். நான் சொல்வது அந்த வெள்ளிக்கிழமையைத்தான்.

போனைக் கொண்டுவந்தது துப்புரவுப் பணி செய்கிற அம்மா. நான்காவது மேடை பெஞ்சில் கிடந்ததாம். முதல் தடவை அடித்தபோது எனக்கு விரல் மரத்தது. கைப்பையைத் திறந்து சின்ன மாத்திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினேன். நாலு தையல், ஆறு தையல். வீட்டிலிருந்து யாரோ விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை. ஐந்தாவது தடவை அடித்தபோது அது என் சத்தமாக இல்லை. யாரோ ஒரு பெண் மூச்சுக்குத் தவிக்கிறாள், பக்கத்தில் ஆள் இருக்கிறான், எழுந்து ஒரு வாய் தண்ணீர் கொடுக்கக் கூடாதா என்று தோன்றியது. அப்போதுதான் நிஜமான கோபம் வந்தது. அதுவரை இருந்ததெல்லாம் வெட்கம்.

எங்கள் பிரிவில் ஒரு விதி உண்டு. பொருளைக் காட்டுவதற்கு முன் உரியவர் அடையாளம் சொல்ல வேண்டும். சொன்னதை அப்படியே பதிவேட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிய பிறகே கொடுக்க வேண்டும். நான் பேனாவில் புது ரீஃபில் போட்டு வைத்தேன்.

நான்கு மணிக்கு சூப்பர்வைசர் வழக்கம்போலப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வந்து நின்றார். கவுண்டரில் குடையைத் தேடி ஒரு பெரியவர், டிபன் பாக்ஸைத் தேடி ஒரு அம்மா. அவர்களைத் தாண்டிக் கையை நீட்டினான் வெண்கலம்.

“ஏர் பிரேக்கு, என் போன் இங்க வந்திருக்காமே. எடு, நாலு பத்துக்கு அறிவிப்பு இருக்கு.”

“வரிசையில வாங்க.”

“யாரு, நானா?”

“விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே.”

வரிசையில் வந்தான். கறுப்பு போன் என்றான். மூன்று இருக்கிறது என்றேன். உறையில் கீறல் என்றான். இரண்டில் இருக்கிறது என்றேன்.

“ரிங்டோன் என்ன?”

சிரிப்பு பாதியில் நின்றது. “அது... சாதாரணமா அடிக்கும்.”

“அப்ப உங்க போன் இங்க வரலை. அடுத்தவங்க வாங்க.”

“யோவ், ரிங்டோனைச் சொல்லிட்டு வாங்கிட்டுப் போயேன். இதுல என்ன வெக்கம்?” என்றார் சூப்பர்வைசர், அவருக்கு ரிங்டோன் விஷயம் எதுவும் தெரியாது.

“ஒரு மூச்சு சத்தம் சார். சும்மா தமாஷுக்கு.”

“எப்படி இருக்கும்? பண்ணிக் காட்டுங்க” என்றேன். “கீறலோட ரெண்டு போன் இருக்கு. மாத்திக் குடுத்துட்டா என் வேலை போயிடும்.”

பெரியவர் காதைத் திருப்பி வைத்துக்கொண்டார். வெண்கலம் கேலி செய்வதுபோல இரண்டு மூச்சு வாங்கினான்.

“அது இருபத்திரண்டு வினாடி வரும். முழுசாப் பண்ணுங்க. இன்னும் வேகமா. வாயைத் திறந்து.”

பண்ணினான். ஏன் பண்ணினான் என்று பிறகு யோசித்திருக்கிறேன். சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருந்தார், நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டும். நான் எழுதிக்கொண்டே அவன் விரல்களைக் கவனித்தேன். கட்டைவிரல் மற்ற விரல் நுனிகளைத் தேய்க்க ஆரம்பித்தது. ஜிவ்வென்றிருக்கும். கொஞ்சம் மெதுவா வெளிய விடுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொல்லவில்லை.

“யாரோட மூச்சு அது?”

“...உங்களோடது.”

“பதிவு பண்ணது?”

“நான்தான்.”

எழுதினேன். உரத்து வாசித்தேன். டிபன் பாக்ஸ் அம்மா, “அடப்பாவி, தண்ணி குடுக்காம ரெக்கார்டா பண்ணே?” என்றாள். சூப்பர்வைசர் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு வரியாகப் படித்தார். வெண்கலம் போட்ட கையெழுத்து கோட்டைத் தாண்டிப் போனது. போனைப் பையில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கதவைத் திறந்து உள்ளே போனான்.

நாலு பத்து. ஒலிபெருக்கியில் மணி அடித்தது. “பயணிகளின் கவனத்துக்கு. நாற்பத்திரண்டாம் எண்...” அதோடு நின்றது. பிறகு மூச்சு. இந்தத் தடவை நடிப்பு இல்லை.

“என்னாச்சு அவனுக்கு? போய்ப் பாருங்கம்மா, உங்களுக்குத்தான் தெரியும்” என்றார் சூப்பர்வைசர்.

ஆறு எட்டு. அவன் மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் வேர்வை. மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. “நான்... செத்துருவேன்” என்றான். அதுவும் பதினாறு ஒலிபெருக்கிகளில் போனது. அவன் பையில் போன் அடித்தது. மறுபடியும் வீடாகத்தான் இருக்கும். என் பழைய மூச்சும் அவன் புது மூச்சும் ஒன்றன்மேல் ஒன்றாக நிலையம் முழுக்கப் போய்க்கொண்டிருந்தன. கண்ணாடிக்கு வெளியே, மூட்டை முடிச்சோடு நின்றவர்கள் தலையைத் தூக்கி மேலே பார்த்தார்கள்.

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். சாவான் என்ற பயம் எனக்கில்லை. சாக மாட்டான் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? சுவிட்ச் என் கைக்கு ஒரு சாண் தூரம். நாலு தையல் உள்ளே இழுத்தேன், ஆறு தையல் வெளியே விட்டேன். மூச்சு சீராக இருந்தது. சுவர்க் கடிகாரத்தின் வினாடி முள்ளைப் பார்த்தேன். பதினான்கு. பதினைந்து.