கணக்கு வாத்தியாரும் கிளட்சும்

முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த ராஜமாணிக்கம், ஓய்வு பெற்ற நாலாவது மாதம் ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினார். ஓட்டத்தான் தெரியாது. வேங்கிக்காலில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். எல்.எல்.ஆர். தேர்வில் ஒரு கேள்விகூடத் தப்பாகவில்லை என்பதை வீட்டில் மூன்று முறை சொன்னார். துணைக்குப் போன மனைவி சரோஜா, சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று தானும் எழுதினாள். அவளுக்கு இரண்டு தப்பு. அதையும் அவர் மூன்று முறை சொன்னார்.

சொல்லிக்கொடுக்க வந்தவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும்.

"சார், என்னைத் தெரியலையா? வஜீதா. ஒன்பதாவது பி, கடைசி பெஞ்ச்."

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "கணக்குல பதினொண்ணு."

"அது அரையாண்டுல சார். முழுப் பரீட்சைல பதிமூணு."

பின் சீட்டிலிருந்து சரோஜா சிரித்தாள். வீட்டில் தனியாக இருக்கப் போரடிக்கிறது என்று தினமும் கூட வந்துவிடுவாள்.

காலை ஆறு மணிக்குக் கிரிவலப் பாதையில் பயிற்சி. ராஜமாணிக்கம் நாற்பது பக்கக் குறிப்பு எழுதி வைத்திருந்தார். கிளட்ச் என்றால் என்ன, அது எப்படி வேலை செய்கிறது என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார். பிறகு காலை எடுத்தார். வண்டி ஒரு குதி குதித்து நின்றது. மறுபடியும் எடுத்தார். மறுபடியும் நின்றது. வெறுங்காலோடு கிரிவலம் வந்த ஒரு பெரியவர் காரை முந்திக்கொண்டு போனார்.

"உங்களுக்குத் தெரியுது சார். உங்க காலுக்குத்தான் இன்னும் தெரியல" என்றாள் வஜீதா.

பத்து நாளாகியும் அதே கதைதான். பதினோராம் நாள் வண்டி நடுரோட்டில் நின்றுவிட, பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ராஜமாணிக்கத்துக்குச் சட்டை நனைந்துவிட்டது. பஸ் ஒதுங்கிப் போனதும் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னார்: "திட்டிடும்மா."

"எதுக்கு சார்?"

"பத்து நாளா ஒரே தப்பு."

"திட்டினா கால் இன்னும் ஜாஸ்தி நடுங்கும். போர்டுல கணக்கு போடச் சொன்னீங்கன்னா எனக்குக் கை நடுங்கும் சார். சாக்பீஸ் ஒடைஞ்சிடும்."

மனத்தில் எதுவும் வைத்துக்கொண்டு சொன்ன மாதிரி இல்லை. சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள். ஆனால் அவருக்கு ஞாபகம் வந்தது. ஒவ்வொரு முறை சாக்பீஸ் உடைந்தபோதும் அவர் சிரித்திருந்தார். வாத்தியார் சிரித்ததால் வகுப்பே சிரித்தது.

"ஏங்க, செத்த கீழ எறங்குங்க. நான் ஒரு வாட்டி பாக்கறேன்" என்றாள் சரோஜா.

வஜீதா தலையாட்டினாள். சரோஜா செருப்பைக் கழற்றிவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்தாள். வண்டி சாமி பல்லக்கு மாதிரி அலுங்காமல் கிளம்பியது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து அவர் பக்கத்தில் நின்றது.

"நீ எங்க கத்துகிட்ட?"

"பின் சீட்லதான். உங்களுக்குச் சொன்னது எனக்கும் கேட்டுது இல்ல? என்னை யாரும் ஒண்ணும் கேக்கல, நல்லா புரிஞ்சுது."

"எப்ப கால எடுக்கணும்னு எப்படித் தெரியுது?"

"வண்டி உறுமறது மாறும். அப்ப எடுக்கணும்."

"அது என் நோட்ல இல்லையே!"

இருவரும் ஒரே நாளில் தேர்வுக்குப் போனார்கள். சரோஜா தேறினாள். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னபோது ராஜமாணிக்கத்தின் கார் பின்னோக்கி உருண்டது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் சரோஜா உதட்டைக் கடித்துக்கொண்டே வந்தாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"சிரிச்சிடேன்" என்றார்.

"வீட்டுக்குப் போயி சிரிக்கலாம்னு இருந்தேன்" என்றாள்.

மறுநாள் காலை நோட்டு இல்லாமல் வந்தார். சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார். பிறகு, "எனக்குப் புரியலம்மா. முதல்லேர்ந்து சொல்லு" என்றார். 'புரிஞ்சுதா?' என்று எத்தனையோ ஆயிரம் முறை கேட்டவர். 'புரியல' என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வஜீதா கைபிரேக்கைப் போட்டாள். "கண்ண மூடிக்கோங்க சார். வண்டி எங்கயும் போகாது. கால மட்டும் மெதுவா எடுங்க."

கண்ணை மூடியதும் அவருக்கு வேறொன்று ஞாபகத்தில் வந்து நின்றது. "உன்னை அப்படி போர்டுகிட்ட நிக்க வெச்சிருக்கக் கூடாது."

"விடுங்க சார்."

"மனசுல வெச்சுக்காதம்மா."

"கிளட்ச விடுங்கன்னு சொன்னேன் சார்." சிரித்தாள். "அதையும் எப்பவோ விட்டாச்சு."

அவர் மெதுவாகக் காலைத் தளர்த்தினார். பாதத்தின் அடியில் ஒரு நடுக்கம் வந்தது. அது காருடைய நடுக்கம், அவருடையது இல்லை. "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று கத்தினார். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த தேர்வில் தேறிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை சரோஜாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தேரடி வீதிக்குப் போனார். பூக்கடை எதிரே, நல்ல கூட்டத்தில், வண்டி ஆஃப் ஆகிவிட்டது. பின்னால் இரண்டு ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. சரோஜா வாயைத் திறக்கப் போனாள்.

"நீ கம்முனு இரு. நான் இன்னும் கத்துக்கறவன்தான்" என்று சொல்லிவிட்டு, நிதானமாகச் சாவியைத் திருப்பினார்.