நடக்காத கல்யாணம்

பத்தொன்பது வருஷமாக வக்கீல் ஆபீசில் விவாகரத்து மனுக்கள் அடிக்கிறவருக்கு அந்தச் சட்டம் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? 'மேல்முறையீட்டுக்கான தொண்ணூறு நாட்கள் முடியும்வரை மறுமணம் கூடாது' என்ற வரியை அந்த டைப்பிஸ்ட் ஆயிரம் தடவையாவது அடித்திருப்பார். விரல் அடித்தது; மண்டையில் ஏறவில்லை. தனக்கு விவாகரத்துத் தீர்ப்பு வந்த நாற்பத்தோராம் நாள், மருந்துக்கடையில் வேலை பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டார். அவள் அண்ணன் கப்பல் வேலைக்குக் கிளம்புவதற்குள் முடிக்கவேண்டும் என்று அவசரம். இருபது பேர் வந்து வாழ்த்தினார்கள்.

எண்பதாம் நாள் முதல் மனைவி மேல்முறையீடு செய்தாள். ஒருத்தி இருக்கும்போதே இன்னொருத்தியைக் கட்டினார் என்று குற்றப் புகாரும் கொடுத்தாள்.

"ஊருக்கெல்லாம் அடிச்சுக் கொடுத்தியே, ஒரு நாளாவது என்ன அடிக்கிறோம்னு படிச்சியாய்யா?" என்றார் வக்கீல்.

"இப்ப என்ன சார் ஆகும்?"

"அந்தக் கல்யாணம் செல்லாது. நடந்துச்சுன்னு நிரூபிச்சா நீ கம்பி எண்ணணும். பதிவு பண்ணலல்ல? அப்போ நடக்கவே இல்லன்னு சொல்லிடு. அந்தப் பொண்ணு உன் வீட்டு மாடில வாடகைக்கு இருக்கு, அவ்வளவுதான். அப்படின்னு கோர்ட்டுக்கு ஒரு வாக்குமூலம் அடி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க."

டைப்பிஸ்ட் உட்கார்ந்து அடித்தார். 'மேற்படி பெண்ணுக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை.' காது மடல் சுட்டது. யாரோ எட்டிப் பார்ப்பதுபோலத் திரையைச் சற்றுத் திருப்பிக்கொண்டார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்த மருந்துக்கடைப் பெண் வந்தாள். கடையில் போடும் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நின்றபடியே இரண்டு முறை படித்தாள்.

"யாரு அடிச்சது?"

"நான்தான்."

"ஒரு பிழைகூட இல்ல."

அவர் மேசையைப் பார்த்தார். வக்கீல் தொண்டையைக் கனைத்தார். "எல்லாம் பேருக்குத்தாம்மா. கேஸ் முடியட்டும், ஜாம்ஜாம்னு இன்னொரு தடவை கட்டிக்கலாம்."

"வந்து வாழ்த்தின இருபது பேருகிட்ட நான் என்ன சார் சொல்றது? மாடில வாடகைக்கு இருக்கேன்னா?" அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. கையெழுத்துப் போடவா, வேணாமா?"

வேண்டாம் என்று ஒரு வார்த்தை. அது தொண்டைவரை வந்தது. ஜெயில் என்ற நினைப்பு அதைப் பிடித்து உள்ளே தள்ளியது.

"போடேன்" என்றார்.

அவள் போட்டாள். பேனாவை மூடி வைத்தாள்.

"சரி, இனிமே நான் உங்களுக்கு யாரும் இல்ல. பொய்யின்னாலும் எழுதினது எழுதினதுதான். சாயங்காலம் அண்ணியோட வந்து என் துணிமணிய எடுத்துக்கறேன். நீங்க அந்த நேரத்துல வீட்ல இருக்காதீங்க."

படி இறங்கும் சத்தம் கேட்டது. அவர் ஜன்னலுக்கு ஓடினார். கீழே வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள். கூப்பிட்டால் வந்துவிடுவாள் போலத்தான் இருந்தது. அவர் சட்டென்று ஜன்னலைவிட்டு விலகிச் சுவரோடு ஒட்டி நின்றார்.

"தங்கமான பொண்ணுய்யா, தப்பிச்சே" என்றார் வக்கீல். "நீயும் போட்டுக் கொடு, தாக்கல் பண்ணணும்."

டைப்பிஸ்ட் வக்கீலின் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.