குதிகால்

கைக்குள் இருப்பது குதிகால், மூன்று மாதப் பிஞ்சுக் குதிகால், மாதா கோயில் வாசலில் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாய் பிள்ளையை ஏந்தி நிற்க, அதன் ஒரு காலை மட்டும் சந்தியாகு பிடித்துக்கொண்டிருக்கிறான், ஏன் பிடித்தான் என்று அவனுக்கே தெரியவில்லை, பிள்ளைக்கு என்ன பேரு என்று சாமியார் கேட்டுவிட்டார், சொல்ல வேண்டியதுதானே, கஸ்பார், அவனுடைய மூத்த மகனுக்கு வைத்த பெயர், நாற்பதே நாளில் போய்விட்ட மூத்தவனுக்கு, ஏல, செத்த பிள்ள பேர அடுத்ததுக்கு வச்சாத்தாம்ல போனது திரும்பி வரும் என்று அம்மா காலையிலும் சொன்னாள், அவளுக்கென்ன, ஏற்கெனவே வைத்துப் பார்த்தவள், சின்ன வயதில் கல்லறைத் திருநாளுக்கு அவன் கையைப் பிடித்துக் கூட்டிப்போவாள், சின்னச் சிலுவையில் சந்தியாகு என்று எழுதியிருக்கும், எழுத்துக்கூட்டப் படித்த வருஷம் அதைப் பார்த்து அலறினான், அது நீயில்ல மக்கா, ஒங்க அண்ணன் என்றாள், பிறகு மெழுகுவத்தி ஏற்றிச் சந்தியாகு, சந்தியாகு என்று அழுதாள், பக்கத்தில் நின்றவன் என்னம்மா என்றான், அவள் திரும்பவில்லை, திரும்பினாளோ, அதுகூடக் கனவுதானோ, கப்பல் வேலைக்குப் போன இடத்தில் சமையல்காரன் ஒரு ஸ்பெயின்காரன், அவன் பெயரும் சந்தியாகோதான், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னான், இது எங்கள் ஊர்ப் பெயரப்பா, முன்பாதி புனிதர், பின்பாதி வேதத்தில் வரும் பழைய யாக்கோபு, அண்ணனின் குதிகாலைப் பிடித்துக்கொண்டே பிறந்தவன், வளர்ந்து அண்ணனுக்கு உரியதையெல்லாம் வாங்கிக்கொண்டவன், சொல்லிவிட்டு அவன் சிரித்தான், அப்படியானால் தான் குடித்த பாலும் போட்ட சட்டையும் யாருக்கு உரியவை, அம்மா சோறு போட்டதெல்லாம் யாருக்கு.

பேரச் சொல்லுப்பா, சாமியார் மறுபடியும் கேட்கிறார், கஸ்பார் என்றுதான் நாக்கில் வந்தது, வந்து அங்கேயே நின்றது, மனைவி ஜெசிந்தா அவன் முகத்தையே பார்க்கிறாள், இவனும் ஒருநாள் சிலுவையில் தன் பெயரைப் படிப்பானே, தோபியாஸ், சாமி என்றான், அந்தப் பெயர் எங்கிருந்து வந்ததோ, இரண்டு வீட்டிலும் உயிரோடும் இல்லாத, செத்தும் போகாத பெயர், விரல்கள் தாமாகவே விட்டன, பிள்ளை காலை உதறி ஓர் உதை விட்டது, பின்னாலிருந்து அம்மா மெல்லக் கூப்பிட்டாள், சந்தியாகு, எந்தச் சந்தியாகுவை என்று அவனுக்கு இப்போதும் தெரியவில்லை, ஆனாலும் என்னம்மா என்று திரும்பினான், அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.