பாலத்துக்குப் பணம் ஒதுக்கினார்கள்

கிளையை மாத இறுதியில் மூடுவதாகத் தலைமை அலுவலகம் அனுப்பிய கடிதத்தை நான்காக மடித்து ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டுதான் அவள் இரண்டு நாளாகக் கடைக்குள் நடமாடிக்கொண்டிருந்தாள். பல நாடுகளில் கிளை பரப்பிய பர்கர் கம்பெனி அது. ஆற்றங்கரைக் கிளைக்கு அவள் மேலாளர். பாலம் வரும், அக்கரைக் கூட்டமெல்லாம் இங்கே வரும் என்று நம்பித்தான் இங்கே கடை போட்டார்கள். அரசாங்கத்தில் காசில்லையென்று பாலம் தூண்களோடு நின்று மூன்று வருடம் ஆகிறது. பதினாறு பேரிடம் வேலை போகப்போகிறதென்று எந்த வாயால் சொல்வது?

அந்தப் புதன்கிழமை கடை டிவியில் செய்தி ஓடியது. பாலத்துக்கு நிதி ஒதுக்கீடு நிறைவேறியதாம். சபையில் சிலர் கை தூக்கினார்கள், இறக்கினார்கள். நிமிர்ந்து பார்க்கவும் கடையில் ஆளில்லை.

அடுத்த திங்கள் மதியம் வாசலைத் தாண்டித் தெருமுனைவரை பால வேலைக்கு வந்தவர்களின் மஞ்சள் ஹெல்மெட்டுகள்.

"அக்கா, ஏதாவது ஊர்வலமா?" என்றான் சமையல்காரன். ஆமை மாதிரி நகர்வதால் அவனுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். அன்று அவனே ஓடினான். வாரம் ஒருமுறை வந்த உருளைக்கிழங்கு லாரி தினமும் வரத் தொடங்கியது. இருபதாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து போன்: "மூடுறது கேன்சல்மா. இன்னும் எட்டுப் பேரை எடுத்துக்கோங்க."

அப்போதுதான் எக்ஸ்பிரஸிடம் கடிதத்தைக் காட்டினாள். அவன் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இத்தனை நாளா இதை வயித்துக்குள்ளயே வெச்சிருந்தீங்களா?" என்று அவளுக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தான்.

மறுவருடம் பாலத்தின் கடைசி கான்கிரீட் பாளத்தைத் தூக்கி வைக்கும் நாளில் இருநூறு பர்கர் பெட்டி ஆர்டர். அவளே கொண்டுபோனாள். பால வேலை மேஸ்திரி அவளை லிஃப்டில் பாலத்தின் மேலே அழைத்துப் போனார்.

அவள் கீழே பார்த்தாள். கடையின் கூரை கட்டைவிரல் அளவு. அதைச் சுற்றிப் புதிய டயர் கடை, லாட்ஜ், வாடகை அறைகளின் மாடிகளில் காயும் வேலையாட்களின் சட்டைகள், சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் அவளுடைய உருளைக்கிழங்கு லாரி. எங்கோ ஓர் அறையில் முகம் தெரியாத சிலர் கை தூக்கியதற்கா இவ்வளவும் அசைகிறது?

"முடிஞ்சதும் எங்கண்ணே போவீங்க?"

"எங்க காசு ஒதுக்குறாங்களோ அங்கம்மா."

"அப்ப எங்க கடை?"

"அக்கரையில நாலாயிரம் வீடு இருக்கு. உங்க கடையில நிப்பாங்களோ, நிக்காம தாண்டிப் போயிடுவாங்களோ..." அவர் முடிப்பதற்குள் விசில் ஒலித்தது. பெட்டி வாங்கி மென்றுகொண்டிருந்த வேலையாட்களின் வாய்களெல்லாம் நின்றன. கிரேன் அந்தப் பெரிய பாளத்தை வானத்தில் மெல்லத் திருப்பியது. அதன் நிழல் தண்ணீர்மேல் நகர்ந்து நகர்ந்து போனது. அவள் நீட்டிய பெட்டி நீட்டியபடியே இருந்தது. வாங்க வேண்டியவனும் வாய் பிளந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.