எண்பது மாமா

"அந்தப் பொட்டிக்கு இது என்ன வருஷம்னே தெரியாதும்மா. எதை சேவ் பண்ணாலும் எண்பதாம் வருஷம், ஜனவரி ஒண்ணுன்னு காட்டும். அதைப் போய் சாட்சிக்குக் கூப்பிடுறியே."

"சாட்சிக்குக் கூப்பிடல சார். ஆன் பண்ணிப் பாத்துடலாம்னுதான் சொல்றேன்."

"பாத்து? இருபது வருஷமா அந்த பிரெஸ்ல ஓடுறது ஒரே புரோகிராம். நானும் தொடல, நீயும் தொடல. மிஷின் வந்தப்பவே அப்படித்தான் வந்துச்சு. நீங்க எழுதிக்குங்க மேடம்."

ஷீலா எழுதிக்கொண்டார். மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவர் பணியாளர் பிரிவு அதிகாரி. விபத்து அறிக்கையை அன்று மாலைக்குள் மேலே அனுப்பியாக வேண்டும். அவருக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் பராமரிப்புப் பிரிவின் தலைவர் கங்காதரன். மறுத்துப் பேசியவள் பிரதீபா. அவருக்குக் கீழே, இயந்திரங்களை இயக்கும் கன்ட்ரோலர்களுக்குப் புரோகிராம் எழுதுகிறவள். மேசையின் கடைசி நாற்காலியில் சீனு, கட்டுப் போட்ட வலது கையை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கட்டுக்குள் இரண்டு விரல்கள் இல்லை.

தகடு மடக்கும் பிரெஸ் அது. அதன் வாயில் லைட் கர்ட்டன் என்ற ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கோடுகள். கை குறுக்கே போனால் பிரெஸ் அந்த நொடியே நிற்க வேண்டும். சீனுவின் கை போனது. பிரெஸ் நிற்கவில்லை. அன்றைக்கே பிரதீபா கன்ட்ரோலரிலிருந்து புரோகிராமை எடுத்துப் படித்தாள். கர்ட்டன் சிக்னலுக்குப் பக்கத்தில், எந்நேரமும் 'சரி' என்று மட்டுமே சொல்லும் ஒரு இணைப்பு செருகப்பட்டிருந்தது. கர்ட்டன் என்னதான் கத்தினாலும் பிரெஸ்ஸின் காதில் விழாது.

அறிக்கையின் வரைவில் இப்படி ஒரு வரி இருந்தது: 'இயந்திரத்தின் பழைய தன்மையை அறிந்திருந்தும் ஆபரேட்டர் கவனக்குறைவாகக் கையை நுழைத்தார்.' அது அப்படியே நின்றுவிட்டால் சீனுவுக்கு வேலை போய்விடும். கடப்பாக்கத்துக்குத் திரும்பிப் போய் அண்ணன்களோடு வலை இழுக்கலாம் என்றால், அதற்கும் பத்து விரல் வேண்டும்.

பிரதீபாவின் கோபத்தில் பாதி கங்காதரன் மேல். மீதிப் பாதி அவள் மேலேயே.

அந்தக் கன்ட்ரோலர் அவள் பள்ளிக்கூடம் போன காலத்துச் சரக்கு. புது லேப்டாப் எதுவும் அதோடு பேசாது. பேசத் தெரிந்த ஒரே கணினியும் நான்கு வருடம் முன்பு செத்துப்போய், புரோகிராமில் யாரும் கை வைக்க முடியாமல் கிடந்தது. இவள்தான் புதுப்பட்டினத்துப் பழைய இரும்புக் கடையில் அதே காலத்துப் பெட்டி ஒன்றைக் கண்டெடுத்தாள். உப்புக் காற்று தின்ற போர்டை மொட்டைமாடி அறையில் வைத்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷாலும் வினிகராலும் சுத்தம் செய்தாள். அறுந்த இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பற்றவைத்தாள். ஐந்து மாத ஞாயிற்றுக்கிழமைகள். கடைசியில் அது கன்ட்ரோலரோடு பேசியபோது, வேறொரு நூற்றாண்டிலிருந்து தனக்குக் கடிதம் வந்ததுபோல இருந்தது அவளுக்கு. அந்தச் சந்தோஷத்தில் பெட்டியைத் தொழிற்சாலையின் பராமரிப்பு அறைக்கே கொண்டுவந்து வைத்தாள். கடிகார பேட்டரி செத்திருந்ததால், ஆன் செய்யும்போதெல்லாம் அது 1980க்கே திரும்பிப் போனது. எல்லாரும் அதற்கு எண்பது மாமா என்று பெயர் வைத்தார்கள்.

நான் உயிர் கொடுக்காமல் இருந்திருந்தால் ஒருத்தனும் அந்தப் புரோகிராமில் ஒரு கோடு போட்டிருக்க முடியாது. மூன்று வாரமாக இந்த ஒரே நினைப்பு அவளை விடவில்லை.

"இன்னா சார், வந்தப்பவே அப்டியா?" என்றான் சீனு. "ஜூலைல ஒரு ஈ பறந்தாக்கூட நின்னுச்சே. எண்ணெய்ப் புகைக்கெல்லாம் நின்னுகினு கீது, பீஸ் கணக்கு ஏற மாட்டேங்குது, ஒரே பேஜாருன்னு நீங்கதானே திட்னீங்க."

"நீ அலட்டிக்காத சீனு. மாத்திரை போட்டியா?" என்றார் கங்காதரன்.

அந்தக் குரலில் இருந்த அக்கறைதான் பிரதீபாவை எழுந்து நிற்கவைத்தது. திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். தள்ளுவண்டியில் வந்திருந்த பெட்டியை, யாரையும் கேட்காமல், சுவரில் செருகினாள். விபத்தன்றிலிருந்து கங்காதரனின் அறையில் பூட்டிக் கிடந்த பெட்டி. ஷீலா கேட்டதற்காக இன்றைக்குத்தான் வெளியே வந்திருந்தது.

அது ஒரு தரம் கீச்சிட்டு, நினைவகத்தை மெதுவாக எண்ணத் தொடங்கியது.

"மாமா எழுந்துட்டாரு," என்று கங்காதரன் சிரித்தார். "இப்ப யாரு பிரதமர்னு கேளு."

ஆன் செய்தால் பெட்டி நேராகப் புரோகிராம் எழுதும் திரைக்குப் போய்விடும். தேதி எதுவும் கண்ணில் படாது. பிரதீபா அதிலிருந்து வெளியேறி, கோப்புகளின் பட்டியலைக் கேட்டாள். பேட்டரி நின்றிருக்கலாம். அவள் பற்றவைத்தது விட்டுப்போயிருக்கலாம்.

கறுப்புத் திரையில் வரிகள் ஏறின. எண்பது, ஜனவரி ஒன்று. எண்பது, ஜனவரி ஒன்று. கங்காதரன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கடைசி வரி வந்தது. அதில் எண்பது இல்லை.

பிரதீபா அவர் பக்கம் திரும்பினாள்.

"ஆடி பொறந்த வாரம் கீபோர்டு சரி பண்ண வூட்டுக்கு எடுத்துட்டுப் போனேனில்ல சார், அப்பவே புது பேட்டரி போட்டு, தேதியும் நேரமும் வச்சுட்டேன். சொல்லல. சொன்னா கேக்க இங்க யாருக்கு நேரம்? நீங்க மாத்தினதை சேவ் பண்ணாம இந்தப் பொட்டி கன்ட்ரோலருக்கு அனுப்பவே அனுப்பாது. அது உங்களுக்கும் தெரியும்."

கங்காதரன் சாய்ந்த முதுகை நிமிர்த்தித் திரையைப் பார்த்தார். ஆகஸ்ட் பதினைந்து, காலை பதினொன்று இருபது. கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போன நாள். பராமரிப்பு அறையின் சாவி அன்றைக்கு அவர் ஒருவரிடம்தான் இருந்தது. சீனுவின் விரல்கள் போனது அதற்குப் பத்தாம் நாள்.

"எனக்கு இங்கேருந்து தெரியல," என்றார் ஷீலா, பேனாவை எடுத்துக்கொண்டு. "என்ன தேதி போட்டிருக்கு?"

பிரதீபா வாயைத் திறந்தாள். இந்த மூன்று வாரக் கோபத்தையும் சேர்த்துக் கத்திப் படிக்கத் தயாராக இருந்தாள்.

"நீ படிக்காதக்கா," என்றான் சீனு.

கட்டுப் போட்ட கையை மடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான். இரண்டு வருடமாகக் கம்பெனி பஸ்ஸில் கங்காதரனுக்குப் பக்கத்து சீட்டில் வந்தவன் அவன். அவர் டப்பாவில் பாதி நாஸ்தா அவனுக்குத்தான். ஆலைக்குள் சார், பஸ்ஸில் வேறு பெயர்.

"நீங்களே படிங்க அண்ணாத்த," என்றான். "உங்க வாயால ஒருதபா கேட்டுக்கறேன்."