பீமுக்கு மேல் ஒரு வீடு

மூன்றாவது தடவையாக அங்கமுத்து மோர்ச் செம்போடு சமையற்கட்டிலிருந்து கிளம்பியபோது, கூடத்துத் தரையில் உட்கார்ந்திருந்த சித்ரகலா லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். திட்டவில்லை. ரப்பர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள், அவ்வளவுதான்.

கட்டடத்தின் பலத்தைச் சோதிக்க, கோயமுத்தூரில் இருக்கும் அவருடைய மகன் ஏற்பாடு செய்து அனுப்பிய இன்ஜினியர் அவள். கீழே வாடகைக்கு, பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் கம்பெனி. மேலே அங்கமுத்துவின் வீடு. வீட்டைத் தாங்கும் கான்கிரீட் பீமில் விரிசல் தெரிந்தது. தரையில் தீப்பெட்டி அளவுக்குச் சென்சார்களை ஒட்டிவிட்டுச் சுத்தியலால் தட்டினால், பீம் அதிர்வது திரையில் கோடாக ஓடும். உள்ளுக்குள் அடிபட்ட பீம் நல்ல பீமைவிட மெதுவாக அதிருமாம். அந்த நேரத்தில் வேறெதுவும் அசையக் கூடாது என்றுதான் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வந்தாள். மெஷின்கள் நின்றுவிட்டன, இந்த மனுஷன்தான் நிற்கவில்லை.

முதல் தடவை சத்தியமாகத் தெரியாமல் நடந்ததுதான். வீட்டுக்கு வந்தவளுக்கு ஒரு வாய் மோர் கொடுக்காமல் இருப்பதா? அளவு கெட்டுப்போச்சு, மறுபடி எடுக்கணும் என்று அவள் சொன்னதும் அவருக்குள் ஒரு குளிர்ச்சி. மறுபடி எடுக்கிறவரை இருப்பாளே! இரண்டாவது தடவை மூக்குக்கண்ணாடியைத் தேடுவதாகப் பாவ்லா. கண்ணாடி பாவம், மூக்கின் மேலேயே இருந்தது. மனைவி வேலாத்தாள் போய்ச் சேர்ந்தபிறகு அந்தக் கூடத்தில் இன்னொருத்தர் உட்கார்ந்ததே இல்லை. கீழே மெஷின் ஓடினால் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும்; சமையற்கட்டில் யாரோ புழங்குவது போலிருக்கும். ஞாயிற்றுக்கிழமை அதுவும் கிடையாது. பீம் கெட்டது என்றாகிவிட்டால் மகனுடைய அபார்ட்மென்டுக்குப் போயாக வேண்டும். அங்கே பூட்டின கதவுக்குள் பகலெல்லாம் டிவியோடு கிடக்க அவரால் ஆகாது.

"ஏனுங்க ஐயா, வேணும்னே நடக்கறீங்களா?" என்று கேட்டாள் சித்ரகலா.

அவர் செம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "மறுபடி எடுத்தா இன்னுங் கொஞ்ச நேரம் இருப்பியேன்னு பார்த்தேன் கண்ணு."

அவள் சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலையில கீழ ஆளுங்க வேலைக்கு வந்துருவாங்க. அவங்க தலைக்கு மேல இந்த பீம்தானுங்க."

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. தன் தனிமைக்கு ஊரான் பிள்ளைகளின் தலையையா பணயம் வைப்பது? கூசிப்போனார். செம்பைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டு வந்து, நாற்காலியில் காலைத் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். அவள் தட்டினாள், கோடு ஓடியது, வேலை முடிந்தது.

அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். முட்டுக் கொடுத்துச் சரிசெய்கிறவரை கீழே மெஷின் ஓடக் கூடாது, மேலே யாரும் தங்கக் கூடாது என்றாள். இப்போதே கம்பெனிக்காரருக்கும் மகனுக்கும் பேசிவிடுவதாகச் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

"நான் நடந்ததும் இதுல விழுந்திருக்குதா கண்ணு?"

அவள் பழைய அளவைத் திறந்து காட்டினாள். சமையற்கட்டிலிருந்து கூடத்துக்குச் சின்னச் சின்ன அலைகளாக அவருடைய காலடிகள். வெகுநேரம் பார்த்தார். "ஒத்தை ஆளு," என்றார்.

சித்ரகலா சென்சார்களைப் பிரிக்கக் கையை நீட்டியவள், பிரிக்காமல் எழுந்தாள். "மோர் குடிச்சுட்டே போறேனுங்க. டம்ளர் எங்கீங்க?"

"உள்ள அலமாரியில இருக்குது. ரெண்டா எடுத்துட்டு வா கண்ணு."

அவள் போனாள். திரையில் கோடு சிற்றலையாக எழும்பி எழும்பிச் சமையற்கட்டுப் பக்கம் போய் நின்றது. உள்ளே டம்ளர்கள் கிணுகிணுத்தன. கொஞ்ச நேரத்தில் அலைகள் மறுபடி எழும்பி, கூடத்தை நோக்கி வரத் தொடங்கின. அங்கமுத்து காலைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.