வெள்ளையாக விட்ட பதின்மூன்று பக்கங்கள்

ஏழாம் அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னதும் எவ்லின் சம்மதித்துவிட்டாள். தனஞ்சயனுக்கு அதுதான் பயமாக இருந்தது.

அவன் வெள்ளவத்தையில் சின்னதாய் ஒரு பதிப்பகம் நடத்துகிறவன். எவ்லின் கொட்டாஞ்சேனைக்காரி. பத்திரிகையொன்றில் முப்பது வருடம் அச்சுப்பிழை திருத்தியவள். கன்னியர் மடத்தில் படித்த இலத்தீனைக் கைவிடாமல் வைத்திருந்து, ஐந்நூறு வருடத்துக்கு முந்திய இத்தாலியப் பண்டிதர் லோதோவீக்கோவின் வாழ்க்கையைத் தமிழில் எழுதி முடித்திருந்தாள். பதினொரு வருட வேலை.

பழைய ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்துப் பொய்யைப் பிடிப்பது லோதோவீக்கோவின் தொழில். ஏழாம் அத்தியாயத்தில் அவர் பிடித்தது, ஒரு மடம் தன் தோட்டத்துக்குக் காட்டிய காணி உறுதிப் பத்திரத்தை. அரசர் எழுதிக் கொடுத்ததாம். ஆனால் அதில் எல்லையாகச் சொன்ன பாலம், அந்த அரசர் செத்து நூறு வருடத்துக்குப் பிறகு கட்டியது. மடத்தார் அவரை ஊரைவிட்டுத் துரத்தினார்கள். அவர் ஒரு வரியையும் மாற்றவில்லை.

புத்தகத்தை அச்சிடப் பணம் தர முன்வந்து, ஏழாம் அத்தியாயம் வேண்டாம் என்ற சண்முகலிங்கம், ஒரு கோயில் தர்மகர்த்தா சபைத் தலைவர். அந்தச் சபைக்கும் ஒரு காணி உண்டு. வழக்கும் உண்டு.

"இத்தாலிக்காரன்ர கதைக்கு இவருக்கு ஏன் தம்பி வேர்க்குது?" என்று எவ்லின் கேட்டாள். தனஞ்சயன் அந்த அத்தியாயத்தை அவள் பக்கம் தள்ளினான்.

"சரி, எடுக்கிறன். ஆனா 'பாலம்' எண்ட தலைப்பு இருக்கோணும். பக்க எண்ணும் இருக்கோணும். நூற்றிப் பன்னிரண்டில இருந்து நூற்றி இருபத்திநாலு வரை வெறும் கடதாசி."

தணிக்கைக் காலத்தில் அவளுடைய பத்திரிகையில் அப்படித்தான் செய்தார்கள். வெட்டிய செய்தியின் இடத்தை வேறொன்றால் நிரப்பவில்லை. சனம் பேப்பரை விரித்ததும் முதலில் அந்த வெள்ளையைத்தான் தேடும்.

சனிக்கிழமை காலை சண்முகலிங்கம் புரூஃப் பார்க்க வந்தார். விரலை நனைத்து மூன்று வெள்ளைப் பக்கம் புரட்டினார்.

"இதென்ன, அச்சு விழேல்லையோ?"

"நீங்கள் கேட்ட மாதிரியே விழுந்திருக்கு, ஐயா" என்றாள் எதிரில் இருந்த எவ்லின்.

ஆக்கள் விசாரிப்பார்களே என்றார் அவர். பின்னட்டையில் தன் ஃபோன் நம்பர் இருக்கிறது, விசாரிக்கட்டும் என்றாள் எவ்லின். படம் போட்டு நிரப்பச் சொன்னார். மாட்டேன் என்றாள். தான் விலகிக்கொள்வதாகச் சொல்லிப் பார்த்தார். அப்படியென்றால் போட்டோகொப்பி எடுத்துத் தைத்து வீடு வீடாகக் கொடுப்பேன், அதிலும் இந்தப் பக்கங்கள் வெள்ளையாகத்தான் இருக்கும் என்றாள்.

சண்முகலிங்கம் பிளேன்டீயைக் குடித்து முடித்துக் கோப்பையை வைத்தார்.

"அத்தியாயத்தையே போடுங்கோ. வெள்ளையா விட்டா சனம் எங்கட உறுதியைத்தான் அதில வாசிக்கும்."



கதவுவரை போனவர் திரும்பி வந்து, குரலைத் தணித்துக் கேட்டார். "அந்தப் பாலத்தை மட்டும் எடுக்கேலாதோ?"

எவ்லின் சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றி, நூற்றிப் பன்னிரண்டாம் பக்கத்தைத் தன் பக்கம் இழுத்து, வெள்ளையில் 'அத்தியாயம் முழுதும் வரும்' என்று எழுதினாள்.

"பாலம் நிக்கட்டும், ஐயா."